சுரம் இடது கையில், குரல் வலது கையில்! - கிளாசிக்கல் கிதாரைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி?

போன சித்திரையில் அம்மன் கோயில் கொடைக்காகச் சிவகிரிக்குப் போயிருந்தேன். மலையடிவார ஊர். ராத்திரி காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டால் மொட்டை மாடியை விட்டு இறங்க மனசே வராது. அங்கேதான் அக்கா மகன் கிதாரும் கையுமாக உட்கார்ந்திருந்தான். கல்லூரி இரண்டாம் வருஷம். ஒன்றரை வருஷமாக யூடியூப் பார்த்தே பழகிக்கொண்டிருக்கிறான்.

"மாமா, அம்மாட்ட நீங்கதான் சொல்லணும். ஏழாயிரம் ரூவா கிதார்ல இந்தச் சத்தம்தான் வரும். நாப்பதாயிரத்துக்கு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். அது இல்லன்னா இத வித்துட்டு வேற வேலையப் பாக்கேன்" என்றான்.

"முதல்ல வாசி, கேப்போம்" என்றேன்.

'ஸ்பானிஷ் ரொமான்ஸ்' என்று பெயர் போன அந்தச் சின்ன மெட்டை வாசித்தான். சுரம் தப்பவில்லை, தாளமும் தப்பவில்லை. ஆனால், சத்தம் மட்டும் தகர டப்பாவில் சில்லறை விழுந்த மாதிரி 'டிங் டிங்' என்றது. வீடியோ எடுத்துப் போட்டபோது, "என்னடே, ரிங்டோனா?" என்று கூட்டாளிகள் கேட்டுவிட்டார்களாம். வேகமாக வாசித்தால் சரியாகிவிடும் என்று வேகத்தைக் கூட்டினான். டிங் டிங்கும் வேகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

கொடைக்கு வில்லுப்பாட்டு பாட வந்த குழுவில் ஒரு பெரியவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். குடம் அடிக்கிறவர். கிதாரை வாழ்க்கையில் தொட்டதில்லை. கொஞ்ச நேரம் கேட்டவர், "ஏல, எடது கை என்னமா ஓடுது! ஆனா வலது கை கம்பியக் கிள்ளுதுல்லா? புள்ளையக் கிள்ளுனா அழத்தான செய்யும்? தட்டி எழுப்புல, சிரிக்கும்" என்றார்.

அன்றைக்கு ராத்திரியே அந்த ஏழாயிரம் ரூபாய் கிதாரில் வேறு சத்தம் கேட்டோம். வாங்கியதும் மாற்றியதும் ஒன்றுமில்லை. வலது கை மட்டும்தான் மாறியது.

நீங்கள் கிதார் வாசிப்பவராக இருக்கலாம், வாசிக்கும் பிள்ளையைப் பெற்றவராக இருக்கலாம், அல்லது இளையராஜா பாட்டில் கிதார் வரும் இடத்தில் பஸ் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொள்கிறவராக இருக்கலாம். யாராக இருந்தாலும் இந்த வலது கை விஷயம் தெரிந்துவிட்டால், அதன் பிறகு கிதாரைக் கேட்பதே வேறு அனுபவம்!

இரண்டு கைக்கும் என்ன வேலை?

கிதார் மேடையில் நம் கண் முதலில் போவது இடது கைக்குத்தான். விரல்கள் கழுத்துப் பகுதியில் மேலும் கீழும் ஓடுவது பார்க்க அழகு. எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும் என்பதை அந்தக் கை முடிவுசெய்கிறது. இடது கைப் பழக்கம் உள்ள சிலர் கிதாரைத் திருப்பிப் பிடிப்பார்கள். அவர்களுக்கு மட்டும் இதை மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுரம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பது வலது கையின் பொறுப்பு. உரக்கவா மெதுவாகவா, உருண்டையாகவா கூர்மையாகவா, தனியாக நிற்க வேண்டுமா அடுத்த சுரத்தோடு கரைய வேண்டுமா... எல்லாமே தந்தியை விட்டு விரல் விலகும் அந்த ஒரு நொடிக்குள் தீர்மானமாகிவிடும். வயலினில் வில் தந்தி மேலேயே இருக்கிறது. சுரம் பிறந்த பிறகும் அதை வளர்க்கலாம், தேய்க்கலாம். புல்லாங்குழலுக்கு மூச்சு இருக்கிறது. கிதாரில் அந்த வசதி கிடையாது. தந்தியை விட்டுவிட்டால் விட்டதுதான். அதன் பிறகு ஒலி தேய்ந்துகொண்டேதான் போகும். அதனால்தான் அந்த ஒரு தொடுகைக்கு இவ்வளவு மரியாதை.

"போடா" என்ற ஒரே வார்த்தையை அம்மா சொல்வதற்கும், சண்டைக்காரன் சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! எழுத்து ஒன்றுதான், குரல்தான் வேறு. கிதாரில் அந்தக் குரலைத்தான் 'டோன்' என்கிறார்கள்.

எது கிளாசிக்கல் கிதார்?

கடையில் தொங்கும் கிதார் எல்லாம் ஒன்று அல்ல. உலோகத் தந்தி போட்டு, கையில் 'பிக்' என்னும் சின்னத் துண்டைப் பிடித்து வாசிப்பது ஒரு வகை. மின்சாரத்தில் ஒலிப்பது இன்னொரு வகை. கிளாசிக்கல் கிதாரில் மேல் மூன்றும் நைலான் தந்திகள். கீழ் சுரத்துக்கான மற்ற மூன்றும் நைலான் இழைகளின் மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியவை. பிக் கிடையாது. வெறும் விரல்தான்.

ஒரு காலத்தில் ஆட்டுக் குடலிலிருந்துதான் இந்தத் தந்திகளைத் திரித்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குடல் தந்திக்குத் தட்டுப்பாடு வந்தது. ஸ்பெயினின் புகழ்பெற்ற கலைஞர் ஆந்த்ரே செகோவியாவும், நியூயார்க்கில் கிதார் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டினும் 1940-களில் நைலானை முயன்று பார்த்தார்கள். பிறகு உலகமே அதற்கு மாறிவிட்டது.

நைலான் மென்மையானது. விரல் என்ன செய்தாலும் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். நல்லதையும் காட்டும், கெட்டதையும் காட்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: "சத்தம் பத்தல" என்று கிளாசிக்கல் கிதாரில் ஸ்டீல் தந்தி மாட்டிவிடாதீர்கள். ஸ்டீல் தந்தியின் இழுவிசை ஏறக்குறைய இரண்டு மடங்கு. தந்தி கட்டியிருக்கும் மரக்கட்டையே பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

வலது கை விரல்களுக்கு ஸ்பானிஷ் மொழியில் பெயர் உண்டு. கட்டைவிரல் 'பி', ஆள்காட்டி விரல் 'ஐ', நடுவிரல் 'எம்', மோதிர விரல் 'ஏ'. இசைத்தாளில் இந்த எழுத்துகளைப் போட்டே எந்த விரலால் மீட்ட வேண்டும் என்று குறிப்பார்கள். சுண்டுவிரலுக்குப் பெரும்பாலும் ஓய்வுதான்.

டிபன் பாக்ஸில் ஒரு சோதனை

வீட்டில் கிதார் இல்லையா? பரவாயில்லை. மூடி இல்லாத டிபன் பாக்ஸின் குறுக்கே ஒரு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். சரியாக நடுவில் பிடித்து இழுத்து விடுங்கள். பிறகு ஓரத்தில், விளிம்பை ஒட்டி இழுத்து விடுங்கள். நடுவில் 'தும்' என்று உருண்டையாகவும், ஓரத்தில் கொஞ்சம் ஒல்லியாகவும் கேட்கும். நீளம் அதேதான், சுரமும் அதேதான். குரல்தான் மாறுகிறது.

காரணம் என்ன? எந்தத் தந்தியும் ஒரே ஒரு சுரத்தை மட்டும் ஒலிப்பதில்லை. முழு நீளத்துக்கு அசையும்போதே பாதி பாதியாகவும், மூன்றில் ஒரு பங்காகவும், நான்கில் ஒரு பங்காகவும் சேர்ந்தே அசைகிறது. ஒவ்வோர் அசைவும் ஒரு மேல் சுரத்தைத் தரும். நல்ல தம்பூராவில் மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டும்போது யாரும் வாசிக்காத காந்தாரம் லேசாகக் கேட்கிறதே, அது இந்தச் சங்கதிதான்.

தந்தியை நடுவில் மீட்டினால் அடிப்படைச் சுரம் ஓங்கி நிற்கும். பாதி பாதியாகப் பிரிந்து அசையும் அந்த மேல் சுரத்துக்கு நடுப்புள்ளி அசையாத இடம். அங்கேயே கையை வைத்து இழுத்தால் அது எழ முடியாது. அதனால் ஒலி மிருதுவாகிறது. ஓரத்துக்குப் போகப் போக, உயர்ந்த மேல் சுரங்கள் எல்லாம் கூட்டமாகக் கிளம்பிவிடும். ஒலி கூர்மையாகிறது.

கிதார்க் கலைஞர்கள் இதை வைத்துத்தான் நிறம் காட்டுகிறார்கள். வலது கை, நடுவில் உள்ள வட்ட ஓட்டைக்கு அருகில் இருந்தால் சமநிலையான இயல்புக் குரல். அதைத் தாண்டிக் கழுத்துப் பக்கம் நகர்ந்தால் தேன் மாதிரி இனிமை. இத்தாலிய மொழியில் 'டாஸ்டோ' என்பார்கள். தந்தி கட்டியிருக்கும் கட்டைப் பக்கம் நகர்ந்தால் வெள்ளிக் கம்பி மாதிரி மினுங்கும் ஒலி, அது 'பொண்டிசெல்லோ'. இத்தனைக்கும் கிதார் தந்தியின் ஒலிக்கும் நீளம் பொதுவாக 65 சென்டிமீட்டர்தான். அதில் வலது கை நடமாடும் இடம் ஒரு சாண் இருக்கும். அந்த ஒரு சாணுக்குள்தான் இத்தனை நிறமும்!

எங்கள் மாடியில் நடந்த தப்பும் இதுவே. மருமகன் கட்டையை ஒட்டியே கையை நட்டு வைத்திருந்தான். "எங்க வில்லுலயும் அப்படித்தான்டே. வீசுகோல் விழுத எடத்தப் பொறுத்துத்தான் சத்தம்" என்று பெரியவர் சொன்ன பிறகுதான் கை உள்ளே நகர்ந்தது.

சாய்ந்து நிற்பதும் தாண்டிப் போவதும்

எந்த இடத்தில் மீட்டுகிறோம் என்பதைப் போலவே, மீட்டிய விரல் எங்கே போய் நிற்கிறது என்பதும் முக்கியம். இதில் இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது 'அபோயாண்டோ'. விரல் ஒரு தந்தியை மீட்டிவிட்டு, அடுத்த தந்தியின் மேல் போய்ச் சாய்ந்து நிற்கும். தந்தியைக் கிதாரின் உடம்பை நோக்கி அழுத்தி விடுவதால் ஒலி கனமாக, முழுசாக வரும். மெட்டு மட்டும் தனித்துக் கேட்க வேண்டிய இடத்தில் இதைப் பயன்படுத்துவார்கள்.

இரண்டாவது 'டிராண்டோ'. விரல் பக்கத்துத் தந்தியைத் தொடாமல், உள்ளங்கையை நோக்கி விலகிப் போகும். இதில் எல்லாத் தந்தியும் தடையில்லாமல் சேர்ந்து ஒலிக்கும். ஒரு கார்டின் சுரங்களைப் பிரித்துப் பிரித்து வாசிக்கும் 'ஆர்பெஜியோ'வுக்கு இதுதான் வேண்டும். இங்கேதான் புதிதாகக் கற்பவர்கள் தந்தியை மேல்நோக்கிக் கொக்கி போட்டு இழுத்துவிடுகிறார்கள். இழுத்த தந்தி 'டப்' என்று அறையும். பெரியவர் சொன்ன 'கிள்ளல்' இதுதான்.

நல்ல கலைஞர் மீட்டுவதற்கு முன் விரலைத் தந்தியில் ஒரு கணம் வைத்து, லேசாக உள்ளே அழுத்தி, பிறகுதான் விடுவார். தூரத்திலிருந்து ஓங்கி அடிக்க மாட்டார். பார்ப்பதற்கு விரல் அசைந்ததே தெரியாது. சத்தம் மட்டும் கடைசி வரிசை வரை போகும்.

நகமா, சதையா? 200 வருஷப் பஞ்சாயத்து

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு நண்பர்கள் இரண்டு பேர் பாரிஸில் இருந்தார்கள். ஃபெர்னாண்டோ சோர், விரல் சதையால் மட்டுமே மீட்டுவார். டியோனிசியோ அகுவாடோ நகத்தால் மீட்டுவார். சதையால் மீட்டினால் ஒலி மெத்தென்று இருக்கும், ஆனால் தெளிவு குறையும். நகத்தால் மீட்டினால் தெளிவும் வேகமும் கிடைக்கும், ஆனால் கொஞ்சம் பிசகினாலும் கீச்சிடும். இந்தக் கருத்து வேறுபாடு அவர்கள் நட்பைக் கெடுக்கவில்லை. இருவரும் சேர்ந்து வாசிப்பதற்கென்றே சோர் ஓர் இசைக்கோவை எழுதி, அதற்கு 'இரண்டு நண்பர்கள்' என்று பெயரும் வைத்தார்!

அதோடு பஞ்சாயத்து முடியவில்லை. நவீன கிதார் வாசிப்பின் தந்தை என்று போற்றப்படும் ஃபிரான்சிஸ்கோ டாரேகா (1852 - 1909) தன் கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டுச் சதைக்கு மாறினார். அவருடைய மாணவர் எமிலியோ புஜோல் கடைசி வரை சதைப் பக்கமே நின்று, அதற்காகப் புத்தகமே எழுதினார். பெரிய அரங்கங்களில் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்க வேண்டியிருந்த செகோவியா (1893 - 1987) இரண்டையும் சேர்த்தார். முதலில் விரல் நுனிச் சதை தந்தியைத் தொடும். அங்கிருந்து நகத்தின் மேல் வழுக்கித் தந்தி விடுபடும். இன்றைக்குப் பெரும்பாலான கலைஞர்களின் வழி இதுதான்.

இது ஏதோ ஐரோப்பியர்களின் கவலை என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீணையிலும் இதே கேள்வி உண்டு. சிலர் விரலில் கம்பி மீட்டியை மாட்டிக்கொள்வார்கள், சிலர் நகம் வளர்த்து மீட்டுவார்கள். வீணை தனம்மாள் (1867 - 1938) கம்பி மீட்டி இல்லாமல் வெறும் விரலால்தான் மீட்டினார். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த கச்சேரிக்குப் பெரிய பெரிய வித்வான்களே வந்து உட்கார்ந்திருப்பார்கள். மைக் இல்லை, சத்தமும் பெரிதில்லை. அந்த மெல்லிய ஒலியைக் கேட்பதற்காகவே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருந்தது.

எட்டயபுரத்தில் ஒரு பாடம்

சிவகிரியிலிருந்து சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி வழியாகப் போனால் எட்டயபுரம் வந்துவிடும். பாரதி பிறந்த ஊர் என்றுதான் நமக்குத் தெரியும். வீணை வாசித்துக்கொண்டே கீர்த்தனைகள் படைத்த முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்ததும் அங்கேதான். அவர் சமாதி இன்றும் இருக்கிறது. வெள்ளைக்காரர்களின் வயலினைக் கற்றுக் கர்னாடக இசைக்குக் கொண்டுவந்த அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர், எட்டயபுர சமஸ்தான வித்வானாக இருந்தவர். மேற்கத்திய வாத்தியம் ஒன்று நம் கைக்கு வந்து நம்முடையதாகவே ஆன கதையில் எங்கள் கரிசல் பக்கத்துக்கும் பங்கு இருக்கிறது. 'கிதாரெல்லாம் நமக்கு எதுக்கு?' என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வீணையையும் கிதாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வலது கையின் வேலை இன்னும் நன்றாகப் புரியும். வீணையில் நான்கு வாசிப்புத் தந்திகள், பக்கவாட்டில் மூன்று தாளத் தந்திகள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெட்டை மீட்ட, சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தட்டும். ஒருமுறை மீட்டிவிட்டு, இடது கையால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அந்த ஒரே ஒலியிலேயே பல சுரங்களைக் காட்டுவார்கள். அதனால் வீணையில் 'எப்போது மீட்டாமல் இருப்பது' என்பதே ஒரு கலை. எஸ்.பாலசந்தர் ஒரே மீட்டில் நீளமாக இழுத்துக்கொண்டு போவதைக் கேட்டால் இது விளங்கும்.

கிதாரில் அப்படி நீளமாக இழுக்க முடியாது. நைலான் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். அப்போது நீண்ட சுரத்தை எப்படிக் காட்டுவது? அதற்கு வலது கை கண்டுபிடித்த வழிதான் 'டிரெமலோ'. கட்டைவிரல் கீழ் சுரம் ஒன்றை மீட்ட, மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் வரிசையாக ஒரே தந்தியைப் படபடவென்று தொடும். டாரேகாவின் 'ரெகுவர்தோஸ் டி லா அல்ஹம்ப்ரா'வைக் கேளுங்கள். யாரோ இடைவிடாமல் பாடுவது போலவும், கூடவே இன்னொருவர் துணைக்கு வாசிப்பது போலவும் இருக்கும். அத்தனையும் ஒரே ஆளின் ஒரே கை!

அதைக் கேட்கும்போது வேகத்தை எண்ணாதீர்கள். மூன்று விரல்களின் ஒலியும் ஒரே அளவில் இருக்கிறதா என்று கவனியுங்கள். இயற்கையில் நடுவிரல் பலசாலி, மோதிர விரல் சோம்பேறி. மூன்றையும் சமமாக்க வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும். முத்துமாலையில் ஒரு முத்து மட்டும் பெரிதாக இருந்தால் கண் அங்கேயே நிற்கும் அல்லவா? காதுக்கும் அதே கதைதான்.

பண்ணைபுரத்திலிருந்து டிரினிட்டி வரை

நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணத்துக்கு வருவோம். பண்ணைபுரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி நடத்தும் கிளாசிக்கல் கிதார் தேர்வை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார். 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பு அவர் கிதார்க் கலைஞராகவும் உதவி இசையமைப்பாளராகவும் பல படங்களுக்கு வேலை பார்த்தவர்.

அவர் பாடல்களில் கிதார் வெறுமனே 'ஜங் ஜங்' என்று தாளம் போடாமல் தனக்கென்று ஒரு பேச்சு வைத்திருப்பதற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாடலை இன்று இரவு ஹெட்போனில் கேளுங்கள். கிதார் வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். எஸ்.பி.பி குரலை ஒரு நிமிஷம் மறந்துவிட்டுக் கிதாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். கார்டுகள் மொத்தமாக அடிக்கப்படாமல், சுரம் சுரமாகப் பிரிந்து உதிர்வது கேட்கும். ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேல் வந்து படர்கிறது. இத்தனை வருஷம் கேட்ட பாட்டில் இப்படி ஒன்று இருந்ததா என்று தோன்றும்.

கச்சேரியில் எதைக் கவனிப்பது?

கிதார் கச்சேரிக்குப் போனாலும் சரி, வீட்டில் வீடியோ பார்த்தாலும் சரி, இந்த ஐந்தையும் கவனியுங்கள்.

1. கை நகர்கிறதா? வலது கை ஒரே இடத்தில் நிற்கிறதா, கட்டைப் பக்கமும் கழுத்துப் பக்கமும் போய் வருகிறதா? ஒரு வரியை முதல் முறை இனிமையாகவும், இரண்டாம் முறை கூர்மையாகவும் வாசித்தால், கலைஞர் உங்களிடம் ஏதோ சொல்ல வருகிறார். இதில் மன்னர் இங்கிலாந்தின் ஜூலியன் பிரீம் (1933 - 2020).

2. மெட்டும் துணையும் பிரிந்து கேட்கிறதா? ஒரே நேரத்தில் மூன்று நான்கு தந்திகள் ஒலித்தாலும், மெட்டு மட்டும் ஒரு படி மேலே மிதக்க வேண்டும். அல்பெனிஸ் பியானோவுக்கு எழுதி, பிறகு கிதாரின் சொத்தாகவே ஆகிவிட்ட 'அஸ்டூரியாஸ்' நல்ல உதாரணம். தொடக்கத்தில் கட்டைவிரல் மெட்டைச் சொல்ல, மேலே ஒரு சுரம் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும்.

3. சமம் இருக்கிறதா? வேகமான இடங்களில் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில், தெளிவாக விழுகிறதா? ஜான் வில்லியம்ஸ் வாசிப்பில் இதைக் கேட்கலாம்.

4. தேவையில்லாத சத்தம் எவ்வளவு? நகம் உரசும் 'சிரக்', தந்தி அறையும் 'டப்' அடிக்கடி கேட்டால் கை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். எப்போதாவது ஒன்று கேட்டால் மன்னித்துவிடுங்கள். மனிதக் கைதானே.

5. மௌனம் எப்படி இருக்கிறது? ஒலி எழுப்புவது மட்டும் வலது கையின் வேலை அல்ல. ஓய்வு வர வேண்டிய இடத்தில் தந்தியைத் தொட்டு அடக்குவதும் அதன் வேலைதான். கீழ் சுரங்கள் அடங்காமல் ஒன்றோடொன்று கலந்தால் இசை கலங்கிப்போகும்.

வாசிப்பவர்களுக்கும், வாங்கித் தருபவர்களுக்கும்

புது கிதாருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

* தினமும் பயிற்சியின் முதல் பத்து நிமிஷம் இடது கையைச் சும்மா விடுங்கள். வெறும் தந்தியை மட்டும் ஐ - எம், ஐ - எம் என்று மாற்றி மாற்றி மெதுவாக மீட்டுங்கள். இரண்டு விரலின் ஒலியும் கண்ணை மூடிக் கேட்டால் ஒன்று போல இருக்க வேண்டும்.

* ஒரே சுரத்தைக் கட்டையருகில் தொடங்கிக் கழுத்துப் பக்கம் வரை நகர்ந்து வாசியுங்கள். உங்கள் கிதாருக்குள் எத்தனை குரல் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

* செல்போனில் பதிவுசெய்து கேளுங்கள். வாசிக்கும்போது காது விரலுக்கு வக்காலத்து வாங்கும். பதிவு வாங்காது.

* இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வலது கையில் நகம் வைத்தால் விரல் நுனியைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் போதும். நகவெட்டியால் வெட்டாமல் அரத்தால் தேய்த்து, பிறகு மிக நைஸான உப்புத்தாளால் மழமழப்பாக்குங்கள். சொரசொரப்பான நகம்தான் பாதி கீச்சொலிக்குக் காரணம். ஆரம்பகட்ட மாணவர்கள் நகமே இல்லாமல் தொடங்கினாலும் தப்பில்லை.

* தந்தி பழசாகி, சுற்றிய உலோகம் கறுத்துவிட்டதா? ஒரு செட் தந்தி மாற்றினாலே குரல் தெளியும். கிதார் மாற்றுவதைவிட அது எவ்வளவோ மலிவு.

* தோளும் மணிக்கட்டும் இறுகினால் ஒலியும் இறுகும். வலியோ மரத்துப்போன உணர்வோ வந்தால், 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்காதீர்கள். நிறுத்தி ஓய்வு கொடுங்கள். தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். அந்தக் கையை வைத்துத்தான் இன்னும் ஐம்பது வருஷம் வாசிக்க வேண்டும்.

* முடிந்தால் மாதத்துக்கு ஒரு முறையாவது நேரில் ஓர் ஆசிரியரிடம் போய்க் கையைக் காட்டுங்கள். வீடியோவில் நீங்கள் ஆசிரியரின் கையைப் பார்க்கலாம். உங்கள் கையை யார் பார்ப்பது?

எல்லாம் சரி, நல்ல கிதாருக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. நல்ல மரத்தில் நன்றாகச் செய்த கிதார், நல்ல கைக்கு நிறையப் பதில் சொல்லும். கிள்ளும் கையில் கொடுத்தால் அதுவும் அழும். இன்னும் உரக்க அழும், அவ்வளவுதான். முதலில் கை, அப்புறம் கிதார்.

மருமகன் கிதாரை விற்கவில்லை. அக்காவும் நாற்பதாயிரத்திலிருந்து தப்பித்தாள். ஆனால், "ஒரே கம்பிய வச்சிக்கிட்டு 'தும் தும்'னு நாள் பூரா உயிர வாங்குதான்டா" என்று போனில் புலம்புகிறாள். நான்கு மாதம் கழித்து அதே 'ஸ்பானிஷ் ரொமான்ஸ்' பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. முன்னைவிட வேகம் குறைவு. முதல் சுரத்திலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தத் தாத்தாவுக்கும் அனுப்பிட்டியாடே?" என்று கேட்டேன்.

"அவுஹட்ட பட்டன் போன்தான் மாமா. நேர்ல போயி வாசிச்சுக் காட்டுனேன்."

"என்ன சொன்னாரு?"

"'பரவால்லல, இப்பம் அழல. சிரிக்கதுக்கு இன்னும் நாளாவும்'னாரு."